நாளைப்போவாரின் சாலையில் ஒரு வாடகைக் கார்

எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் என்னோடு படித்த தோழி ஒருத்தி இப்போது ஐரோப்பாவில் வேலை பார்க்கிறாள். போன வருடம் விடுமுறைக்குத் தெற்கு இத்தாலிக்குப் போனவள், பாரி நகரத்தில் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினாள். தினமும் படம் அனுப்புவாள். ஆலிவ் தோப்பு, வெள்ளையடித்த வீடுகள், கடல். ஒரு நாள் குரோத்தாலியே என்ற ஊரிலிருந்து படங்கள் வந்தன. தெரு முழுக்கப் பீங்கான் பட்டறைகள், வாசலில் அடுக்கிவைத்த தட்டு, குவளை, ஜாடி. கூடவே ஒரு குரல் பதிவு: "இது இவங்க ஊரு விருத்தாசலம்டி!"

அடுத்த நாள் மத்தேரா. பாறையைக் குடைந்த குகை வீடுகளில் மனிதர்களும் கழுதைகளும் ஒன்றாக வாழ்ந்த ஊர். நாட்டுக்கே அவமானம் என்று சொல்லி 1952இல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரை அங்கிருந்து வெளியேற்றினார்கள். 1993இல் அதே குகைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 2019இல் அந்த ஊர் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகரங்களில் ஒன்று. ஏழை இருந்தவரை அவமானம், ஏழையை அப்புறப்படுத்திய பிறகு பாரம்பரியம்.

அந்த வட்டாரத்துக்குத்தான் முசோலினி அரசு 1935இல் கார்லோ லேவி என்ற எழுத்தாளரைத் தண்டனையாக அனுப்பிவைத்தது. அவர் 1945இல் வெளியிட்ட புத்தகத்தின் பெயர் 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்'. எபோலி ஓர் ஊர். அதைத் தாண்டி எங்களிடம் யாரும் வந்ததில்லை, கிறிஸ்துகூட வரவில்லை என்பது அந்த மலைக்கிராமத்து மக்களின் சொல். கல்லூரியில் கிராம்சியின் தெற்குப் பிரச்சினை பற்றிய பாடத்தோடு இந்தப் புத்தகத்தையும் சொன்னார்கள். வகுப்பில் பலருக்கு விளக்க வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கம் தார்ச்சாலை ஊர்த்தெருவோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் செம்மண். அங்கே தொடங்குவதுதான் சேரி.

தோழியின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. சமூகப் பணியாளராகப் பதினோரு வருடம் இந்தக் கடலூர் மாவட்டத்தில் சுற்றியிருக்கிறேன். பஸ்ஸில், ஸ்கூட்டியில், சில நேரம் அதிகாரிகளின் ஜீப்பில். ஆனால் போன இடமெல்லாம் ஒரு பிரச்சினைக்காகப் போன இடம். பட்டா, சுடுகாட்டுப் பாதை, அடிதடி, சாவு. சும்மா பார்ப்பதற்கென்று ஒரு நாளும் போனதில்லை. எங்களில் யார் போயிருக்கிறார்கள்?

பொங்கல் கழிந்த வாரம் பாண்டிச்சேரியில் ஒரு காரை வாடகைக்கு எடுத்தேன். நாமே ஓட்டிக்கொள்ளும் வண்டி. இந்த மாதிரி வண்டிகளுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் நம்பர் இருக்கும். விருத்தாசலத்தில் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அப்பா சுற்றிவந்து பார்த்தார்.

"எதுக்கு பாப்பா காசக் கரியாக்குற? பஸ்ஸு போவுதில்ல?"

"பஸ்ஸு போற எடத்துக்கு நாம போவல. நமக்குப் புடிச்ச எடத்துல நிக்கப் போறோம். ஏறுப்பா."

அவர் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். முன்னால் வரச் சொன்னேன். "இங்கயே குந்திக்கிறேன்" என்றார்.

எனக்குக் காரணம் தெரியும். அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். களிமண்ணை அரைத்துக் கரைத்து, கூழ் போன்ற அந்தக் கலவையைப் பாரிஸ் சாந்து அச்சுகளில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும். ஓரம் கெட்டியானதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்துப் பொருளை எடுத்து, பிசிறு சீவி, காயவைத்து, மெருகு பூசிச் சூளைக்கு அனுப்ப வேண்டும். அகல்விளக்கு, பொம்மை, மின்சாரப் பியூஸ் கட்டை, கழிப்பறைக் கோப்பை என்று பட்டறைக்கு ஒரு சரக்கு. சரக்கை வைக்கோல் வைத்துக் கட்டி வேனில் ஏற்றும்போது டிரைவரும் மேஸ்திரியும் முன்னால் உட்காருவார்கள். கூலியாட்கள் பின்னால், வைக்கோல் மேல். முப்பது வருடப் பழக்கம்.

அவர் வார்த்த அகல் எந்தெந்த வீட்டுப் பூஜையறையிலோ கார்த்திகைக்கு எரிந்திருக்கும். அவர் வார்த்த கோப்பைகள் எத்தனையோ வீடுகளில் பதிக்கப்பட்டிருக்கும். எங்கள் தெருவில் முதல் கழிப்பறை வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பாவிடம் மிச்சமிருப்பது இருமல். உலர்ந்த பொருளைச் சீவும்போது பறக்கும் தூசி அது. அதில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

விருத்தாசலத்தை ஒட்டித்தான் புதுக்கூரைப்பேட்டை. முதலில் அந்தப் பக்கம் திருப்பினேன். 2003 ஜூலை 8 அன்று முருகேசனையும் கண்ணகியையும் கொன்ற ஊர். அவர் பொறியியல் படித்த தலித் இளைஞர். அவள் அதே ஊரின் ஆதிக்க சாதிப் பெண். ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 செப்டம்பர் ஆனது. தண்டிக்கப்பட்ட 13 பேரில் இருவர் போலீஸ்காரர்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. இருபத்திரண்டு வருடம். ஊரைவிட்டுத் தப்பிப் போவதற்கும் சாலைதான். தேடிப் பிடித்துக் கொண்டுவருவதற்கும் அதே சாலைதான். அப்பா ஒன்றும் பேசவில்லை. நானும் வண்டியை நிறுத்தவில்லை.

சேத்தியாத்தோப்பை நெருங்கும்போது வளையமாதேவிப் பக்கம் அப்பா கண்ணாடியை இறக்கினார். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்குக் கால்வாய் வெட்டுவதற்காக, கதிர் வைத்த நெல்லின் மேல் இயந்திரங்களை இறக்கிய இடம். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து எல்லோரும் பதறினார்கள். பதறவேண்டியதுதான். நிலம் போனவருக்கு நிலத்தின் பெயரில் ஒரு கணக்காவது இருக்கிறது. அந்த வயலில் நடவு நட்டவளுக்கு எந்தப் பத்திரத்தில் பெயர் இருக்கும்?

அங்கிருந்து வீராணம் ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டும்வரை தண்ணீர், மறுபக்கம் வயல். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். 2004 முதல் சென்னைக்குக் குழாயில் குடிதண்ணீர் போவதும் இங்கிருந்துதான். வெட்டச் சொன்னவன் பெயர் தெரியும். வெட்டியவர்கள் பெயர் தெரியாது. ஆனாலும் அழகான சாலை என்பதை மறைக்க மாட்டேன். கொக்குகள் கூட்டமாக எழுந்து உட்கார்ந்தன. அப்பா, "இம்மாந் தண்ணியா!" என்றார். கடலூர் மாவட்டத்தில் அறுபத்தைந்து வருடம் வாழ்ந்தவர் வீராணத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கரையோரம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். காகிதக் கப்பில் டீ. எல்லோருக்கும் காகிதக் கப்தான். இரட்டைக் குவளையை எதிர்த்து நாம் எவ்வளவு போராடினோம்! கடைசியில் குவளையே இல்லாமல் பண்ணிவிட்டார்கள். இப்போது யாருக்கு எது என்ற கேள்வியே எழாது. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் அன்பாகத்தான் பேச்சுக்கொடுத்தார்.

"எந்த ஊரு?"

"விருத்தாசலங்க."

"விருத்தாசலத்துல எங்க?"

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இந்த இரண்டாவது கேள்வி தெரியும். முதல் கேள்வி ஊரைக் கேட்பது. இரண்டாவது கேள்வி சாதியைக் கேட்பது. அப்பா கப்பைப் பார்த்துக்கொண்டே "டவுனுதாங்க" என்றார். பெரியவர் விடவில்லை. "டவுன்ல எந்தப் பக்கம்?" அப்பா "ஸ்டேஷன் பக்கம்" என்றார். விருத்தாசலம் பெரிய ஜங்ஷன். ஸ்டேஷன் பக்கம் என்றால் யாராகவும் இருக்கலாம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மேடையில் பேசுகிறவள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பயிற்சி கொடுக்கிறவள், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீடு தேடி அலைந்த காலத்தில் நானும் எத்தனை முறை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

வண்டி ஓட்டும்போது எனக்கு அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நினைவுக்கு வந்தது. அந்தச் சின்னப் புத்தகத்தில் பாதி வண்டிகளைப் பற்றியதுதான். 1901இல் ஒன்பது வயதுப் பையன், அண்ணனோடும் உறவுக்காரப் பிள்ளைகளோடும் அப்பா வேலைபார்த்த ஊருக்குப் போக மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறான். இவர்கள் மகர் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் வரத் தயாரில்லை. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொள்கிறார். இரண்டு மடங்கு வாடகை கொடுக்க வேண்டும், பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்ள வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். 1929இல் சாலிஸ்காவில், அரசாங்கக் குழுவின் உறுப்பினராகப் போன பாரிஸ்டர் அம்பேத்கரை ஏற்றிப்போகக் குதிரை வண்டிக்காரர் யாரும் வரவில்லை. சேரிக்காரர் ஒருவரே பழக்கமில்லாமல் ஓட்ட, பாலத்தில் வண்டி மோதி, தூக்கியெறியப்பட்ட அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிந்தது.

செல்ஃப் டிரைவ் என்று இன்று கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. நமக்கு அது புதிதில்லை. இரண்டு மடங்கு வாடகை கொடுத்து நாமே ஓட்டியிருக்கிறோம்.

வண்டிக்காகவும் சாலைக்காகவும் நடந்த சண்டைகளைச் சேர்த்தால் அதுவே தனி வரலாறு. 1893இல் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறித் திருவிதாங்கூரின் பொதுச்சாலையில் ஓட்டினார். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம். அதே 1924இல் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலையும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். இது பழங்கதை என்றால் 2015ஆம் ஆண்டுக்கு வாருங்கள். அந்த ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல், செருப்புப் போடவிடாமல் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுதவேண்டியிருந்தது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் எழுதுவதில்லை.

காட்டுமன்னார்கோயில் வந்தது. எல். இளையபெருமாளின் மண். 1965இல் தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இந்தியா முழுக்கச் சுற்றியவர் அவர். 1969இல் வந்த அவருடைய அறிக்கைதான் பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்று சொன்னது. நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து எழுதிய பயணக் குறிப்பு என்று அந்த அறிக்கையைப் படிக்கலாம். சுற்றுலாப் பயணிக்குக் காட்டாத இந்தியா அதில் இருக்கிறது.

அடுத்து ஆதனூர். கொள்ளிடக் கரை நாட்டில் நந்தன் பிறந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் ஊர் இதுதான் என்கிறார்கள் இந்த வட்டாரத்து மக்கள். அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தினேன். அப்பா இறங்கி வரப்பில் நின்றார்.

"தெனமும் நாளைக்குப் போறேன் நாளைக்குப் போறேன்னு சொன்னாராமே, அவரு ஊரா?"

அதனால்தான் அவர் பெயர் திருநாளைப்போவார். சேக்கிழாரின் பாட்டில் அவரை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. தன் பிறப்பை நினைத்துத் தானே தயங்கித் தயங்கி நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் லீவு கொடுக்காத பண்ணையாரைக் கதைக்குள் கொண்டுவந்தார். இரண்டில் எது சரி என்று வகுப்பில் விவாதித்திருக்கிறோம். அந்த வரப்பில் நின்றபோது இரண்டும் ஒன்றுதான் என்று பட்டது. பண்ணையார் வாசலில் நின்று தடுப்பது ஒரு தலைமுறை. அவர் இல்லாதபோதும் நாமே "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லப் பழகிவிடுவது அடுத்த தலைமுறை. எங்கள் வட்டாரத்தில் ஊர்ப் பயணத்துக்குப் புகழ்பெற்ற முதல் ஆள் நம் ஆள். அவர் பெயரே போகாத பயணத்தின் பெயர்.

ஆதனூரிலிருந்து சிதம்பரம் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சிதம்பரத்தில் எல்லோரும் நான்கு கோபுரத்தைப் பார்ப்பார்கள். நந்தனைத் தீக்குள் இறக்கித்தான் அங்கே உள்ளே விட்டார்கள் என்பது கதை. நான் அப்பாவை முதலில் அழைத்துப்போனது நந்தனார் பள்ளிக்கு. 1916இல் சுவாமி சகஜானந்தர் தொடங்கியது. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த துறவி. நந்தன் பெயரைச் சொல்லிக்கொண்டு கோயில் வாசலில் நின்று உருகாமல், அதே பெயரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் விடுதியும் கட்டினார். இந்தப் பக்கத்தில் படித்து வேலைக்குப் போன எத்தனையோ குடும்பங்களின் கதை இந்தப் பள்ளியில்தான் தொடங்கும். அப்பா வாசல் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "எங்கப்பன் என்ன இங்க சேக்கறேன்னு சொல்லுச்சு. அடுத்த வருசம் அடுத்த வருசம்னு போயிடுச்சு" என்றார். இது எனக்குத் தெரியாத செய்தி.

திரும்பும் வழியில் அப்பா பிறந்த கிராமத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். உறவினர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சாவு வாழ்வுக்கு அப்பா பஸ்ஸில் வந்து மெயின்ரோட்டில் இறங்கி, வாய்க்கால் ஓரமாகவே நடந்து போய்விடுவார். ஊர்த்தெரு வழி குறுக்கு வழி. ஆனால் அவர் அதில் போவதில்லை.

நான் ஊர்த்தெருவுக்குத் திருப்பினேன். தெரு தொடங்கும் இடத்தில் ஒரு புளியமரம். அதை நெருங்கும்போது பின்னால் கதவுக் கைப்பிடியை இழுக்கும் சத்தம் கேட்டது. பதறி பிரேக் போட்டேன்.

"என்னப்பா?"

"எறங்கி நடந்து வரேன். நீ ஓட்டினு வா."

இருபது வயதில் அவர் வாங்கிய பழைய சைக்கிளை அந்தப் புளியமரத்தடியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். செருப்பைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொள்ள வேண்டும். தெரு முடிந்ததும் ஏறலாம். இதையெல்லாம் அவர் என்னிடம் கதையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் நாற்பது வருடம் கழித்து, கண்ணாடி ஏற்றிய காருக்குள், அந்தக் கை தானாகக் கைப்பிடிக்குப் போகும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

"முன்னாடி வாப்பா" என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, முன்கதவைத் திறந்து ஏறினார். பெல்ட் மாட்டத் தெரியவில்லை, மாட்டிவிட்டேன். தெருவுக்குள் மெதுவாகவே ஓட்டினேன்.

பாதித் தெருவில் மாடு குறுக்கே நின்றது. திண்ணையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அப்பா வயது இருக்கும். "எந்த ஊரு? யாரப் பாக்கணும்?"

அப்பா கண்ணாடியை இறக்கினார். நான் "ஸ்டேஷன் பக்கம்" என்ற பதிலை எதிர்பார்த்தேன்.

"இந்த ஊருதாங்க. காலனி" என்றார்.

அவர் அப்பாவை உற்றுப் பார்த்தார். பிறகு பின்னால் நகர்ந்து நம்பர் பலகையைப் பார்த்தார். "வாடக வண்டியா?" என்றார். அதில் அவருக்கு ஒரு நிம்மதி. அப்பா, "ஆமாங்க. எம் பொண்ணு ஓட்டுது" என்றார். மாடு நகர்ந்தது.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். வரவேற்கிறேன். அந்தச் சொல்லை வசவாக ஆக்கியவர்கள் வாயிலிருந்து அது போகட்டும். ஆனால் அன்று அப்பா வாயிலிருந்து அது வந்தபோது வசவாக இல்லை. முகவரியாக இருந்தது.

அத்தை வீட்டு வாசலில் நிறுத்தியதும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அத்தை காரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாப்பா, என்ன வச்சி ஒரு ரவுண்டு ஓட்டு" என்றாள். "எங்க போகணும் அத்த?" "அந்தத் தெரு வழியாத்தான்."

தயங்கினேன். நாளை காலை நான் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இங்கே இருக்கப்போவது அவர்கள். ஒரு ரவுண்டுக்கு என்ன விலை என்று தெரியாதவள் இல்லை நான். அப்படிப்பட்ட கணக்குகளை எழுதி மனுவாகக் கொடுப்பதுதான் என் வேலை. அதைச் சொல்லவும் செய்தேன்.

"இங்க இருக்கறது நான்தானே? நான் சொல்றேன், ஓட்டு" என்று அத்தை ஏறிவிட்டாள்.

மூன்று ரவுண்டு போனோம். இரண்டாவது ரவுண்டில் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். இதுவரை ஊரிலிருந்து வந்த போன்களில் எந்தச் சச்சரவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று ஓடியது மொத்தம் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள்தான். இத்தாலித் தோழிக்குப் படங்கள் அனுப்பினேன். வீராணத்துக் கொக்கு, நந்தனார் பள்ளி வாசலில் அப்பா, காருக்குள் ஏழு பிள்ளைகளோடு அத்தை.

உங்கள் வீட்டிலும் நாளைக்கு என்று தள்ளிப்போட்ட ஒருவர் இருப்பார். அவர் சைக்கிளை விட்டு இறங்கிய இடம் ஒன்று இருக்கும். வாடகைக் காரோ, ஷேர் ஆட்டோவோ, பைக்கின் பின் சீட்டோ, எதிலாவது ஏற்றி ஒரு நாள் அழைத்துப் போங்கள். எந்த இடத்தில் அவர் கை கதவுக்குப் போகிறது என்று பாருங்கள். அதை எழுதி வையுங்கள். நம் ஊர்களுக்கு நாம் வரைய வேண்டிய வரைபடம் அங்கிருந்துதான் தொடங்கும்.

அப்பா போன வாரம் கேட்டார்: "திருப்புன்கூர் எம்மாந் தூரம் பாப்பா?" நந்தனுக்காக நந்தி விலகியதாகச் சொல்லும் ஊர்.

பாண்டிச்சேரிக்கு போன் பண்ணி வண்டிக்குச் சொல்லிவிட்டேன். முன் சீட்டு அவருக்கு.